காப்பு கட்டிய அன்று நான் சொன்ன பொய்

மாரியாத்தா எனக்கு என்ன செய்தாள் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஏன் இத்தனை ஆசை? அடுத்தவள் அழுத கதை என்றால் அடுப்பில் சோறு தீய்ந்தாலும் உட்கார்ந்து கேட்பீர்கள். நானும் அந்தச் சாதிதான், அதனால் திட்டியது போதும். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். சொல்லச் சொல்ல என் மருமகள் வளர்மதி எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் தலைவாரி எழுதுவாள், பொய் சேர்க்க மாட்டாள். பொய் என் இலாகா.

எங்கள் ஊர் வடக்கனந்தல் பக்கம். மகனும் மருமகளும் கள்ளக்குறிச்சியில் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே பெண், சுகன்யா. இங்கிலீஷ் படித்தவள். போன ஆடியில் நேபாளத்துக்குப் போனாள். மலைமேல் ஒரு பள்ளிக்கூடம். ஆறு மாதம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க வேண்டும். சம்பளம் கிடையாது. சேவை.

"மலப் புள்ளைங்கதான் வேணும்னா தோ கல்வராயன் மல இருக்குது. காலைல பஸ் ஏறுனா சாயங்காலம் வந்து எங்கூட துன்னலாம்" என்றேன். சிரித்தாள். அதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டிருந்தாள்.

என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை. எங்கள் மாரியம்மனுக்குச் சாயங்காலம் காப்புக் கட்டு. காப்பு கட்டும் நேரத்தில் ஊருக்குள் இருந்தவர் யாரும் திருவிழா முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது. மீறினால் போனவருக்கும் ஆகாது, ஊருக்கும் ஆகாது. வெளியூரில் வேலை இருப்பவர்கள் காப்புக்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். சுகன்யாவும் மத்தியான பஸ்ஸுக்குப் பையைத் தூக்கினாள். பிடுங்கி வைத்தது நான்தான்.

"காப்பு கட்டிட்டா நான் போவக்கூடாதே ஆயா" என்றாள்.

"ஊருக்குத்தான கட்டறாங்க, உன் கால்லயா கட்டறாங்க? கதவ சாத்திக்கினு உள்ள இரு. ஆத்தாளுக்கு ஆயிரம் வேல, உன்னயா பாத்துக்கினு இருப்பா?"

பக்கத்து வீட்டு அஞ்சலை கேட்டதற்கு, பேத்தி மத்தியானமே போய்விட்டாள் என்றேன். இரண்டு ராத்திரி அவளை உள்ளே வைத்திருந்தேன். கேழ்வரகு அடை சுட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டேன். எனக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது. திரும்பி வரும்போது நான் இருப்பேனோ என்னவோ. அந்த ஆசைதான். வியாழக்கிழமை விடியலில் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு தவறாமல் பேசுவாள். ஆவணியில் ஒரு ஞாயிறு போன் வரவில்லை. அந்தப் பக்கம் மழையில் மலை சரிந்தது என்று டிவியில் காட்டினார்கள். அவளை அனுப்பிய ஆபீஸுக்கு என் மகன் போன் மேல் போன் போட்டான். வழி அறுந்துபோச்சு, அந்த ஊரிலிருந்து ஒரு தகவலும் இல்லை, பொறுங்கள் என்றார்கள். ஒரு நாள். இரண்டு நாள். பன்னிரண்டு நாள்.

வளர்மதி என்னிடம் வந்து தங்கினாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. "நா இன்னா பாவம் பண்ணேன் அத்த?" என்று கேட்டுக் கேட்டு அழுவாள். பாவம் பண்ணியவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஊரில் எல்லோரையும் கிண்டல் பண்ணுகிற வாய் இது. அதில் அன்றைக்கு எச்சில்கூட இல்லை. சுகன்யா படுத்திருந்த தலையணை உறையை முகர்ந்து பார்ப்பேன். மண்ணுக்குள் இருக்கிறாளோ என்று தோன்றும். நான் செத்துப்போகக் கூடாதா என்று தோன்றும். மகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் கோயிலுக்குப் போனேன். பூசாரி பூட்டிவிட்டுப் போயிருந்தார். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அதுவரை எல்லா வேண்டுதலிலும் ஆத்தாளிடம் பேரம்தான் பேசியிருக்கிறேன். அன்று பேரம் வரவில்லை. "நாந்தாம்மா மறச்சி வெச்சேன். புள்ளய உட்டுடு. ஊர நிக்க வெச்சி எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்" என்றேன். அவ்வளவுதான். கம்பி சுட்டது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை காலை வளர்மதியின் போன் அடித்தது. ஒரு பெண் குரல். தட்டுத் தடுமாறி இங்கிலீஷில் பேசுகிறாள். சுகன்யா உயிரோடு இருக்கிறாள், பிள்ளைகளோடு மேல் ஊரில் இருக்கிறாள், சாப்பிடுகிறாள். இந்த மூன்றையும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவளாம். அடுப்படியில் உட்கார்ந்து சுகன்யாவிடம் இங்கிலீஷ் கற்றுக்கொண்டவள். நம்பர் எழுதிய சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, சரிந்த மலையைச் சுற்றி மூன்று நாள் நடந்து ரோட்டுக்கு வந்திருக்கிறாள். வளர்மதி போனைப் பிடித்தபடி தரையில் சரிந்துவிட்டாள். நான் தெற்கே கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன்.

வளர்மதி ஒரு கணக்குச் சொல்கிறாள். நான் வேண்டிக்கொண்டது வெள்ளிக்கிழமை, அந்தச் சமைக்கிறவள் நடக்க ஆரம்பித்தது வியாழக்கிழமையாம். இருக்கட்டுமே. கிழவி எப்படியும் வந்து ஒப்புக்கொள்வாள் என்று ஆத்தாளுக்குத் தெரியாதா? முன்கூட்டியே ஆளை அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து சுகன்யாவே பேசினாள். பிள்ளைகள் பயந்து கிடக்கிறார்கள், ஆறு மாதமும் இருந்துவிட்டுத்தான் வருவேன் என்றாள். முன்பு என்றால் நெஞ்சுவலி என்று படுத்து அவளை வரவழைத்திருப்பேன். இந்த முறை, "இருந்துட்டு வா, அந்தச் சமைக்கிற பொண்ண நா கேட்டேன்னு சொல்லு" என்றேன். போனை வைத்துவிட்டுத்தான் அழுதேன்.

கஷ்டத்தில் இருக்கிறவர்கள் ஆத்தாளிடம் போங்கள். எதையும் மறைத்துக்கொண்டு போகாதீர்கள். உள்ளதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். என்னைப் போன்றவளையே கைவிடாதவள்.

சுகன்யா பேசியதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை கூழ் வாங்க ஊரே கோயிலில் நின்றது. அஞ்சலையை முன்னால் நிறுத்திக்கொண்டு சொன்னேன்:

"காப்பு கட்டுன அன்னிக்கி எம் பேத்தி போவல. என் வூட்லதான் இருந்தா. போயிட்டான்னு நான் சொன்னது பொய். போறேன்னு சொன்ன புள்ளய நாந்தான் நிறுத்துனேன். ஊருக்கு ஏதாச்சும் கொற வந்திருந்தா அது என்னாலதான். வையறதா இருந்தா இப்பவே என்னய வையுங்க. அவ வந்து எறங்கறப்ப மட்டும் யாரும் ஒரு வார்த்த சொல்லிடாதீங்க."