தோன்யா செனாய்தாவின் வாளி

எங்கள் தெருவில் ஒருவனுக்குக் கார் இல்லாமல் இருக்கலாம், வாளி இல்லாமல் இருக்கக் கூடாது. பழைய பெயின்ட் வாளியில் சிமென்ட்டை ஊற்றி, நடுவில் ஒரு கம்பை நட்டு, வாசலுக்கு எதிரே ரோட்டில் வைத்துவிட்டால் அது நம் கார் நிற்கும் இடம். சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. மெக்சிகோ நகரத்தில் சட்டம் வேறு, வாளி வேறு.

வாளிகளிலேயே பெரியது, மரியாதையாகத் தோன்யா என்று நாங்கள் கூப்பிடும் செனாய்தாவுடையது. இளஞ்சிவப்பு நிறம், நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். அதன் பின்னால் அவளுடைய பழைய வெள்ளைக் கார். விடிந்ததும் காரின் பின்கதவைத் தூக்குவாள். உள்ளே பெரிய பானையில், சோள மாவைத் தோகையில் பொதிந்து அவித்த தமாலே ஆவி பறக்கும். பச்சைக் காரம், சிவப்புக் காரம், இனிப்பு. கேட்டால் ரொட்டிக்குள் வைத்தும் தருவாள். மாவுக்குள் மாவு, மத்தியானம் வரை வயிறு வாயைத் திறக்காது. புருஷன் இன்னொருத்தியோடு வடக்கே ஓடியபோது விட்டுவிட்டுப் போனது அந்தக் கார் ஒன்றைத்தான். அதை வைத்தே இரண்டு பெண்களைக் கரையேற்றினாள். கடை எடுக்க அவளிடம் காசில்லை. அந்த இடம் போனால் பிழைப்பே போச்சு.

நான் கிரிஸ்பின். அவளுக்கு எதிரே பூட்டு சாவிக் கடை வைத்திருக்கிறேன். அவளைப் பற்றிப் புகழ்ந்து பேச வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள். அவளால் நான் இழந்தது கொஞ்சமில்லை, சொல்கிறேன்.

அவள் பக்கத்து ரோட்டோரம் முழுக்க சைக்கிள் பாதை வரப்போகிறது, இனி அங்கே கார் நிறுத்தக் கூடாது என்று சொல்ல நகராட்சியிலிருந்து இன்ஜினியர் அமாதோர் வந்தார். ஒல்லியான ஆள், சைக்கிளில்தான் வந்தார். பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். படம் காட்டினார். படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சைக்கிள் ஓட்டினார்கள்.

"இந்தப் படத்துல என் காரைக் காணோமே, இன்ஜினியர்," என்றாள் செனாய்தா.

"அதான் தோன்யா திட்டமே."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"உங்க கார்ல வாங்கின பச்சைத் தமாலே."

"செரிச்சுதா?"

கூட்டம் சிரித்தது. இன்ஜினியரும் சிரித்தார், ஆனால் படத்தை மாற்றவில்லை. பிறகு பதாகை பிடித்தோம், பாத்திரம் தட்டினோம், ரோட்டை மறித்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மறித்த ரோட்டில் சைக்கிள்காரர்கள் மட்டும் சுகமாகப் போய் வந்தார்கள்.

அப்புறம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊரில் சுவரோரம் யாராவது குப்பை கொட்டினால் அங்கே ஒரு மாதா படத்தை வைத்துவிடுவோம். மறுநாளிலிருந்து குப்பை விழாது. குவாதலூப்பே மாதாவின் மேல் கடப்பாரை வைக்கும் கை இந்த நகரத்தில் இன்னும் முளைக்கவில்லை.

"பாதை நம்ம தெருவுல நுழையுற முனையிலயே மாதாவுக்கு ஒரு குட்டிக் கோயில், கெபி கட்டிடுவோம்," என்றாள்.

"தோன்யா, அந்த முனையில என் காருல்ல நிக்குது?"

"கிரிஸ்பின், மாதா உன் இடத்தைக் கேக்குறா. குடுக்க மாட்டேன்னு அவகிட்டயே சொல்லிக்க."

சொல்ல முடியுமா? ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செங்கல், நீல ஓடு, கண்ணாடிக் கதவு என்று கெபி எழும்பிவிட்டது. பூட்டு மட்டும் என் கடை உபயம். சாமியார் வந்து மந்திரித்தார். கைகட்டி நின்ற இன்ஜினியர் கேட்டார்:

"அப்ப நீங்க எப்பத்தான் நகருவீங்க தோன்யா?"

"நீங்க சொல்லி நகர மாட்டேன். அவ நகரச் சொல்லட்டும், அன்னைக்கே நகர்றேன்."

தெருவே கை தட்டியது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. சைக்கிள் பாதைக்குப் பெயின்ட் அடிக்க வந்த ஆட்கள் தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். நான் மட்டும் காரை நிறுத்த இடம் தேடித் தெருத் தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் கெபியின் கம்பியில் ஒரு சைக்கிள் மணி தொங்கியது. யாரோ நேர்த்திக்கடனாகக் கட்டியது என்றார்கள். அதைப் பார்த்து இன்னொருவன் சங்கிலி கட்டினான், இன்னொருத்தி பழைய டியூபை மாலையாகப் போட்டாள். சைக்கிள்காரர்களைக் காக்கும் மாதா என்று பேர் பரவிவிட்டது. முதல் மணியைக் கட்டியது யாரென்று தெருவுக்குத் தெரியாது. அந்த வாரத்திலிருந்து இன்ஜினியரின் சைக்கிளில் மணி இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

டிசம்பர் வந்தது. பன்னிரண்டாம் தேதி மாதா திருநாள். பேராலயத்துக்கு வெளியூர்களிலிருந்து யாத்திரிகர்கள் முதுகில் மாதாவைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருவது வழக்கம். எங்கள் தெரு அவர்கள் வழியே இல்லை. அந்த வருஷம் சைக்கிள் மாதாவைப் பார்க்க, முந்தின நாள் காலையிலேயே மொத்தமாக இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். யாத்திரிகனுக்கு வழி மறுப்பதும் சோறு மறுப்பதும் பெரும் பாவம். தெருக்காரர்கள் ஓடி ஓடி வாளிகளைத் தூக்கினார்கள், கார்களை எடுத்தார்கள். கடைசியில் செனாய்தாவின் கார்தான் மிச்சம். பானையில் இருந்ததையெல்லாம் அவள் சும்மா அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு அம்மாள் இளஞ்சிவப்பு வாளியையும் கெபியைச் சேர்ந்தது என்று நினைத்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போனாள்.

அப்போது புவெப்லாவிலிருந்து வந்த ஒரு பருத்த மனிதர், ஆள் உயர மாதா படத்தை முதுகில் சுமந்தவர், காருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டார். திரும்ப முடியாமல், முதுகைக் காட்டியபடியே சொன்னார்:

"அம்மா, மாதா போகணும். கொஞ்சம் நகருங்கம்மா."

செனாய்தாவுக்கு நேரெதிரே மாதாவின் முகம். கூட்டத்தில் இன்ஜினியர் தமாலேயை மெல்லுவதை நிறுத்தினார்.

அவள் படத்தைப் பார்த்தாள். பின்கதவைச் சாத்தினாள். காரில் ஏறிச் சாவியைத் திருகினாள். ஒரு முனகல் கூட இல்லை. பல வருஷமாக ஓடாத கார் அது, நாலு சக்கரம் வைத்த அடுப்படி. யாத்திரிகர்களே ஜெபம் சொல்லிக்கொண்டு முனை தாண்டித் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தவள் அழுதாள். நான் பார்த்தேன்.

ஜனவரியில் பச்சைப் பாதை போட்டார்கள். கெபிக்கு மட்டும் வளைந்து வழிவிட்டது. செனாய்தாவின் வாசல் சாத்தியே கிடந்தது. காலையில் வெறும் காப்பி குடித்துவிட்டு நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். கெட்டிக்காரிதான், ஆனால் பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்ததே என்று பரிதாபப்பட்டேன்.

பிப்ரவரி இரண்டு, கந்தெலாரியா திருநாள். அன்று ஊரே தமாலே தின்றாக வேண்டும். காலையில் கடையைத் திறந்தால் எதிரே வரிசை நிற்கிறது. அவள் வாசலில், பச்சைப் பாதையின் நட்டநடுவில், மூன்று சக்கர சைக்கிள் வண்டி. வண்டியில் பானை. பக்கத்தில் இளஞ்சிவப்பு வாளி.

இன்ஜினியர் வந்து பிரேக் போட்டார்.

"தோன்யா, இது சைக்கிள் பாதை."

"இது என்ன, கழுதையா? பெடல் இருக்கு, சங்கிலி இருக்கு. ஒரு சக்கரம் கூடுதலா இருந்தா குத்தமா?"

"நிறுத்தி வைக்கக் கூடாதே."

"நிக்கல. மெதுவாப் போறேன். மணி கூட வச்சிருக்கேன், பாருங்க." அடித்துக் காட்டினாள். "மாதாகிட்ட கேட்டுத்தான் எடுத்தேன். கட்டினவர் வந்து கேட்டா குடுத்துடுவேன்."

இன்ஜினியர் அந்த மணியையே பார்த்தார். காது சிவந்தது.

"ஒரு பச்சை குடுங்க," என்றார்.

"வரிசையில வாங்க, இன்ஜினியர்."