மாமனார் பெயர் கொண்ட மதாம்

என் மாமியாரைத் தெருவில் தெரிந்தவர்கள் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி அக்கா என்பார்கள். பிரெஞ்சு பேசுகிறவர்கள் மட்டும் 'மதாம்' என்று மரியாதையாக ஆரம்பித்து, அதன் பின்னால் ஒரு ஆண்பிள்ளையின் பெயரைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். அது அவருடைய மாமனாரின் பெயர். உப்பளம் பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், பெரிய மீசையோடு சட்டத்துக்குள் இருக்கிறார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தை அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் சொல்லக் கூடாது என்று பிறந்த வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் யாரும் அதைச் சொல்லி வைக்கவில்லை. நானும் இங்கே அந்தப் பெயரை எழுதப் போவதில்லை, அத்தை இதைப் படிப்பார்.

மீசைக்காரருக்கும் நம் ஆட்கள் எல்லாருக்கும் போல ஒரே பெயர்தான், முன்னால் ஒரு இனிஷியல். அவருடைய மகன், அதாவது என் மாமனார், பிரெஞ்சு ராணுவத்தில் சேரப் போனபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். குடும்பத்துக்கு ஏது பெயர்? குடும்பம் என்று ஒன்று இருந்தது, சாப்பிட்டது, சண்டை போட்டது, பெயர் மட்டும் இல்லை. மனிதர் யோசித்துப் பார்த்துவிட்டு அப்பா பெயரைச் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஒட்டியது இன்னும் உரியவில்லை. என் கணவர், அவருடைய தங்கை, நான், என் மகள் எல்லாரும் இப்போது பிரெஞ்சில் அவர்தான். பள்ளிக்கூடத்தில் என் மகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தான் வருகைப்பதிவு எடுக்கிறார்கள். செத்து எத்தனையோ வருஷமான மனிதரை, வகுப்புக்கு வந்துவிட்டாரா என்று தினமும் காலையில் விசாரிக்கிறார்கள்.

ஒரு பெயரைச் சொல்லாமல் வாழ்வது லேசான காரியமில்லை. அது பெருமாளுடைய ஆயிரம் பெயர்களில் ஒன்று. அர்ச்சகர் அந்த இடத்துக்கு வரும்போது அத்தை இருமுவார். அதே பெயரில் டவுனில் ஒரு ஜவுளிக்கடை உண்டு, அத்தை அதை 'மாமா கடை' என்பார். அது எங்கள் சொந்தக்காரர் கடை என்று தெருவே ரொம்ப நாள் நம்பி, தீபாவளிக்கு விலை குறைத்துத் தரச்சொல்லி அத்தையிடம் சிபாரிசுக்கு வந்தது. அத்தையும் சளைக்காமல், மாமா இப்போதெல்லாம் யாருக்கும் குறைப்பதில்லை என்று சொல்லி அனுப்பினார்.

குடும்பப் பெயர் என்ற சங்கதியே எனக்கு வேடிக்கையாகத்தான் படும். எதிர்வீட்டுக்காரர்களின் கொள்ளுத் தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில், எங்கள் ஊரில் சிலர் செய்ததுபோல, பழைய வழக்கங்களை எல்லாம் விட்டுவிட்டதாகக் கையெழுத்துப் போட்டுப் புதிதாக ஒரு பிரெஞ்சுப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டவர். அதற்கு 'சந்தோஷமானவர்' என்று அர்த்தம். அந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் மதில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று போடுகிற சண்டையில்தான் எங்கள் தெரு கண்விழிக்கும். என் நாத்தனார் கட்டிக்கொண்ட பிரெஞ்சுக்காரருடைய குடும்பப் பெயருக்குக் 'குட்டையானவர்' என்று அர்த்தம். ஆள் எங்கள் வீட்டு நிலைப்படியில் வந்த அன்றே இரண்டு தடவை நெற்றியை இடித்துக்கொண்டார். அவருடைய முன்னோர் யாரோ குட்டை, அந்த ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து வைத்த பெயர் வழிவழியாக வருகிறது என்று விளக்கினேன். அத்தைக்கு அந்த வீட்டு மருமகள்களை நினைத்துத்தான் கவலை. நெடுநெடுவென்று வளர்ந்த பெண்ணும் கல்யாணமானதும் குள்ளி என்று சொல்லிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார்.

இந்த நாத்தனார்தான் போன வருஷம் எங்களையெல்லாம் கலங்கடித்தாள். நாற்பதை நெருங்கும் வயதில் வயிற்றில் பிள்ளை. முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை பிரான்சில் டாக்டர்கள் அவளை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். எதற்கும் அழாத பெண், ஒருநாள் போனில் அம்மா நீ வந்துடு என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு அப்போதே பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். அவரிடம் இருந்தது பிரெஞ்சு பாஸ்போர்ட், அது காலாவதியாகிக் கிடந்தது.

புதுப்பிக்கப் பிரெஞ்சுத் தூதரகத்துக்கு நேரில் போக வேண்டும். முன்பெல்லாம் கூடவே என் மாமனார் போய், கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொல்லிவிடுவார். இப்போது அவர் இல்லை. எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் சோப்புக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த பிரெஞ்சை நம்பி நான் போனேன்.

கவுன்டரில் இருந்தவள் சின்னப் பெண், நல்ல மாதிரி. பேச்சுக் கொடுத்தபோது சொன்னாள், அவளுடைய குடும்பப் பெயருக்கு 'ரொட்டி சுடுகிறவர்' என்று அர்த்தமாம், அவள் வீட்டில் ஒருத்தருக்கும் ரொட்டி சுடத் தெரியாதாம். சிரித்துக்கொண்டே அத்தையைப் பார்த்து, உங்கள் குடும்பப் பெயர் என்ன மதாம் என்றாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆளை உறுதிசெய்து கொள்ளும் சாதாரணக் கேள்வி. அத்தை என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அந்தப் பெண், மதாமே சொல்லட்டும் என்றாள். அத்தை கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து, தமிழில், "கையில சங்கு சக்கரம் வச்சிருப்பாரே, அவுரு பேருதாம்மா" என்றார். இதை நான் எப்படி மொழிபெயர்ப்பது? மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அதற்குள் அத்தைக்கு வேர்த்துக்கொட்டி, பிரஷர் ஏறுகிறது, போகலாம் வா என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். வேறு நாள் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்ற பெண் அங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள், இங்கே செத்துப்போன ஒருத்தருடைய மூன்றரை எழுத்தை உச்சரிக்க மாட்டேன் என்றால் என்ன செய்வது. ஆட்டோவில் வாய்விட்டே கேட்டுவிட்டேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். அதைப் பார்த்ததும் கோபம் பாதி போய்விட்டது, மீதியை வீட்டுக்கு வந்து கணவர்மேல் காட்டினேன்.

பிறகு வீட்டில் ஒத்திகை நடந்தது. கணவர் அம்மாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரி மாதிரி கேட்பார், அத்தை வாயைத் திறப்பார், மேலே படத்தைப் பார்ப்பார், மூடிக்கொள்வார். என் மகளிடம் கேட்டபோது அவள் பட்டென்று சொன்னாள், அத்தை காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில் அவரே ஒரு யோசனை சொன்னார். கவுன்டரில் தான் வாயை மட்டும் அசைப்பதாம், பின்னால் நின்று நான் குரல் கொடுப்பதாம். சினிமாவில் அப்படித்தானே செய்கிறார்கள் என்றார். பிரெஞ்சு அரசாங்கத்துக்கு டப்பிங் கொடுத்த முதல் மருமகளாக இருக்க எனக்கு இஷ்டமில்லை என்று மறுத்துவிட்டேன்.

வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் இந்தக் கூத்தை வாசலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், தம் பங்குக்குப் புத்தி சொன்னார். அவர்கள் வீட்டுப் படகுக்கு அவருடைய மாமனார் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்களாம். படகு வர நேரமானால் கடற்கரையில் நின்று, எங்க மாமனாரு கரைக்கு வந்துட்டாரா என்று கேட்டுக் கேட்டு அலுத்து, ஒரு புயல் நாளில் பெயரையே சொல்லிக் கத்திவிட்டாராம், அதற்குப் பிறகு பழகிப்போயிற்றாம். அத்தை அசையவில்லை. படகு வேறு, நான் வேறு என்று சொல்லிவிட்டு சங்கரா மீனைத் திருப்பிப் பார்த்தார்.

ஆனாலும் அந்தப் பேச்சு எங்கேயோ தைத்திருக்க வேண்டும். மறுநாள் குளித்துவிட்டு வந்து, மாமாவிடமே பூவாக்கு கேட்கப்போவதாக அறிவித்தார். கோயில்களில் சாமி மேல் பூவை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள், வலது பக்கம் விழுந்தால் உத்தரவு, இடது பக்கம் விழுந்தால் இல்லை. அதை அத்தை மீசைக்காரர் படத்தின் மேல் சாமந்திப் பூவை வைத்துச் செய்தார். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பூ இடது பக்கமாக நகர ஆரம்பித்தது. டேபிள் ஃபேன் வலது பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தால் வேறு எந்தப் பக்கம் போகும். நான் சத்தமில்லாமல் ஃபேனைத் தூக்கிக்கொண்டுபோய் இடது பக்கம் வைத்தேன். பூ வலது பக்கம் விழுந்தது. அத்தை கண்ணைத் திறந்து பார்த்து, மாமா ஒத்துக்கிட்டார் என்றார். எனக்குக் கொஞ்சமும் குற்ற உணர்ச்சி வரவில்லை, இன்றைக்கும் இல்லை.

அடுத்த தடவை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். அதே பெண், அதே சிரிப்பு, அதே கேள்வி. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சை இழுத்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்தப் பெண்ணே கையமர்த்தி, என்னிடம், நான் இவருடைய கணவர் வீட்டுப் பெயரைக் கேட்கவில்லை, இவர் பிறந்தபோது இருந்த குடும்பப் பெயரைத்தான் கேட்கிறேன் என்றாள். பிரான்சில் ஒரு பெண்ணுக்குக் கடைசிவரை அதுதான் குடும்பப் பெயராம். புருஷனுடைய பெயரை வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம், அது சும்மா கூப்பிடுவதற்கு. பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் காட்டினாள். முதல் வரியில் அத்தையின் அப்பா பெயர் இருந்தது. நாங்கள் இத்தனை காலமும் அதை இனிஷியலின் விரிவு என்று நினைத்திருந்தோம். நம்மில் கல்யாணமானால் அப்பாவின் இனிஷியல் போய்விடும், ஆகவே அந்த வரியை ஒருத்தரும் மதிக்கவில்லை.

அத்தையிடம் சொன்னேன். அவருக்குப் புரிய நேரமானது. எங்க அப்பா பேரையா கேக்கறாங்க என்று இரண்டு முறை கேட்டார். பிறகு கண்ணாடிக்குள் இருந்தவள் பயந்துபோகும்படி, பக்கத்துக் கவுன்டருக்கும் கேட்கிற மாதிரி, தம் அப்பா பெயரைச் சொன்னார். அவரிடம் அந்தப் பெயரை யாராவது கேட்டு எத்தனை காலம் ஆகியிருக்கும்.

வெளியே வந்ததும் வீட்டில் இருந்தவர்களையும் சேர்த்து என்னைத் திட்டினார்.

"வெள்ளைக்காரன் இத்தினி வருசமா எங்க அப்பா பேரைத்தான் எழுதி வச்சிருக்கான். நீங்கதான் என்னை மாமா பேர்ல கூப்பிட்டுக்கினு இருந்தீங்க."

பாஸ்போர்ட் வந்தது, பயணமும் நல்லபடியாக அமைந்தது. தப்பித்தோம், அந்தப் பெயர் தேவைப்படவே இல்லை என்று நானும் கணவரும் சிரித்துக்கொண்டோம். அத்தை பிரான்சுக்குப் போன வாரமே, டாக்டர்கள் குறித்த நாளுக்குச் சில வாரங்கள் முன்னதாக, நாத்தனாருக்கு வலி எடுத்துவிட்டது. மருமகன் அத்தையை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடிப் போனார். அத்தை மட்டும் தனியாக உள்ளே ஓடினார். நாத்தனாரை எப்போதும் இருக்கும் அறையிலிருந்து வேறு எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தவள் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

அத்தை மகளின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் போதாது, குடும்பப் பெயர் என்றாள்; ஒத்திகையில் கேட்டுக் கேட்டு அத்தைக்கு அந்தப் பிரெஞ்சு வார்த்தை பழகியிருந்தது. அத்தை மாப்பிள்ளையின் பெயரை, அந்தக் குட்டையானவர் பெயரை, மனப்பாடமாக வைத்திருந்தார், அதைச் சொன்னார். கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, அப்படி யாரும் இல்லை என்று கையை விரித்தாள். அத்தைக்கு அப்போதுதான் கவுன்டரில் கேட்டது நினைவுக்கு வந்திருக்கிறது. இந்த ஊரில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான். தம் பெண்ணின் பிறந்த வீடு எது? உப்பளம், கூடம், சுவர், மீசைக்காரர்.

காரை விட்டுவிட்டு வந்த மருமகன் வாசல் கதவு திறக்கும்போதே அந்தப் பெயரைக் கேட்டாராம். அத்தை மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அந்தப் பெண் காதில் விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் நிறுத்தாமல், திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம், ஒரு கிழவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று எழுந்தே நின்றுவிட்டாராம். அறை எண்ணைச் சொன்னதும் அத்தை ஓடியதை மருமகனால் பிடிக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, நான் சாயங்காலம் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது வீடியோவில் வந்தார்கள். பெண் குழந்தை, எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி குறையில்லை. நாத்தனார் களைத்துப்போய்ச் சிரித்தாள். அத்தை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தலைக்குக் கையை அணைவாகக் கொடுத்திருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இத்தனை வருஷம் காப்பாற்றிய வாயால் மாமா பெயரைச் சொல்லும்போது பயமாக இல்லையா அத்தை என்று கேட்டேன்.

அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"மாமா பேருன்னு அப்ப தோணவே இல்லம்மா. எம் பொண்ணு பேருன்னுதான் தோணுச்சு."