ஓவனுக்குள் இருந்த இடியப்பப் பானை

எங்கள் வீட்டு ஓவனில் யாரும் எதையும் சமைத்ததில்லை. இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து மல்வேர்னில் இந்த மாடிவீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அது தாச்சிகளும் தோசைக்கல்லும் அடுக்கும் அலுமாரி. எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் பலவற்றிலும் இதே கதைதான். ஆகவே என் கணவர் தன் களவுப் பண்டத்தை அங்கே ஒளித்துவைத்ததில் ஆச்சரியம் இல்லை.

அவருக்குச் சீனி வருத்தம். அடுத்த ரத்தப் பரிசோதனையிலும் அளவு குறையாவிட்டால் ஊசிதான் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மனிதர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, வரும் வழியிலேயே மஸ்கற் அல்வா ஒரு பெட்டி வாங்கி இடியப்பப் பானைக்குள் வைத்து மூடிவிட்டார். கடையில் இடியப்பம் வாங்கத் தொடங்கிய பிறகு யாரும் தொடாத பானை அது. மறுநாளே கண்டுபிடித்துவிட்டேன். சண்டை பிடித்தால் இடத்தை மாற்றுவார், பிறகு யார் தேடி அலைவது? அதனால் வேறு வைத்தியம் செய்தேன். அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். நான் சாப்பிடும் ஒவ்வொரு துண்டும் அவர் சாப்பிடாத துண்டு அல்லவா? மஸ்கற் மளமளவென்று குறைந்தது. யாரிடம் போய் முறையிடுவார், பாவம்.

பனி கொட்டோ கொட்டென்று கொட்டிய ஒருநாள் பஸ் ஓடவில்லை. அவருக்கு வேலை இல்லை, மகளுக்கு வகுப்பு இல்லை. மகள் பட்டரையும் சீனியையும் அடித்துக் குழைத்து, மாவையும் சொக்லேற் துண்டுகளையும் கொட்டிக்கொண்டே, “அம்மா, ஓவனை ப்ரீஹீற் பண்ணப் போறன்” என்றாள்.

சோபாவில் சாய்ந்திருந்தவர் துள்ளி எழும்பினார்.

“உந்த ஓவன் பழுது பிள்ளை.”

“எப்பயிருந்து?” என்று கேட்டேன்.

“அது முந்தியே பழுது. புகை வந்து அலாரம் அடிச்சால் உந்தப் பனிக்குள்ள பில்டிங் முழுக்க இறங்கி நிக்க வேணும். பிஸ்கற்தானே, நான் கடையில வாங்கித் தாறன்.”

“அப்பா, றிலாக்ஸ். பஸ்ஸே ஓடேல்லை, எந்தக் கடை?” என்றாள் மகள்.

எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. “சரி, நான் சட்டி பானையளை வெளியில எடுக்கிறன்” என்று மெல்லக் குனிந்தேன்.

“நீர் விடும்! உமக்கு முழங்கால் நோ” என்று ஓடிவந்தார். முழங்கால் நோ என்று நான் புலம்பிய நாளெல்லாம் டிவியிலிருந்து கண்ணை எடுக்காத மனிதர்!

தாச்சிகளைத் தரையில் அடுக்கினார். இடியப்பப் பானையை மட்டும் பச்சைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாரமும் பெனியனுமாகப் பல்கனிக்குப் போனார். “ஒரு மாதிரி மணக்குது, காத்துப் படட்டும்” என்று பனிக்குள் வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தார்.

ஓவனுக்கு ஒரு பழுதும் இல்லை. பட்டர் மணம் வீடெல்லாம் பரவியது. மகள் சூடான குக்கி ஒன்றை நீட்டியபோது, “எனக்கு வேண்டாம் பிள்ளை. இனிப்புத் தொடக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்” என்று தியாகி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நடிப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு பல்கனிக்குப் போய்ப் பானையைத் திறந்தேன்.

உள்ளே மஸ்கற் பெட்டி. பக்கத்தில் புதிதாக இன்னொரு சின்னப் பெட்டி, பிரிக்காமல். பால்ரொபி, பல்லில் ஒட்டும் பால் இனிப்பு. எனக்கு அது என்றால் உயிர். அவருக்கோ கட்டுப்பல். ஒருமுறை பால்ரொபியைக் கடித்து மேல்வரிசை முழுதும் கழன்று கைக்கு வந்தபிறகு அவர் அந்தப் பக்கமே போனதில்லை.

பின்னால் கண்ணாடிக் கதவு திறந்தது.

“உது உமக்கு” என்றார், மகளுக்குக் கேட்காமல். “என்ர மஸ்கற்றில இனிக் கை வையாதேயும்.”

இவ்வளவு நாளும் அவரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் டொக்டர் சொன்ன ஊசியும் நினைவுக்கு வந்தது. இரண்டு பெட்டிகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய், ஒரு குக்கியை உடைத்துப் பாதியை அவர் கையில் வைத்தேன்.

“இண்டைக்கு இதுதான். மஸ்கற், ரத்தம் குடுத்து றிசல்ற் வந்தாப்பிறகு.”

அவர் பாதிக் குக்கியையும் என் கக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அதுக்குள்ள நீர் முடிச்சுப்போடுவீர்” என்றார்.