படலையடியில் இறங்கும் கால்

குதிரை படலையை நெருங்கியதும் என் வலது கால் தானாகவே அங்கவடியை விட்டு வெளியே வந்துவிடும்.

"ஏன் தம்பி இறங்கிறீர்?" என்று அக்கா மைதானத்தின் நடுவில் நின்று கேட்பார். "படலையைத் திறக்கத்தானே சொன்னனான்."

"தெரியேல்லை அக்கா. கால் வந்திட்டுது."

அக்கா என் உறவில்லை. பிரான்சில் குதிரைப் பண்ணையொன்றில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி, கரவெட்டியில் வயலோரக் காணியில் இரண்டு குதிரைகளோடு இருப்பவர். அவர் பழக்கிய விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் வேர்க்கிங் எக்குயிற்றேஷன் என்று பெயர். மாடு மேய்ப்பவர்கள் குதிரைமேல் இருந்தபடி செய்கிற வேலைகளையே போட்டியாக்கியிருக்கிறார்கள். பீப்பாய்களைச் சுற்றி வளைய வேண்டும், மரப்பாலம் ஏறி இறங்க வேண்டும், படலையைத் திறந்து அப்பால் போய்ச் சாத்த வேண்டும். சாத்தி முடியும்வரை கை படலையை விடக்கூடாது. அக்கா இதை 'வேலைச் சவாரி' என்பார்.

"சவாரி பழகப் போறன்" என்று வீட்டில் சொன்னபோது அம்மா, "ஆரின்ரை மாடு?" என்று கேட்டார். எங்கள் பக்கம் சவாரி என்றால் மாட்டுவண்டிச் சவாரிதான். குதிரை என்றதும் தங்கச்சி அடுப்படியிலிருந்து, "கம்பசுக்குப் போனவர் இனி ராசாவாகப் போறார்" என்றாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "ஆரின்ரை வளவுக்கை?" என்று கேட்டார். யாருடைய காணிக்குள் என்ற அந்தக் கேள்வியை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

சித்திரை விடுமுறையில் ஊர்ச்சனத்துக்கு ஒருநாள் குதிரை ஓடிக்காட்டுவதென்று அக்கா முடிவு செய்தார். பழகியவர்கள் மூன்று பேர், குதிரைகள் இரண்டு. பீப்பாய்களிலும் பாலத்திலும் நான் மற்ற இருவரையும்விட நன்றாகவே ஓடினேன். ஆனால் அக்கா ஒளிக்காமல் சொன்னார்: "படலையிலை இறங்கிற ஆளை நான் ஏத்த ஏலாது தம்பி." எனக்கு ஓட வேண்டும்போல இருந்தது. சும்மா ஆசை அல்ல. என் வாழ்க்கையில் புத்தகம் தவிர வேறொன்றில் நான் கெட்டித்தனம் காட்டியது அதுவே முதல்முறை.

அந்தக் கிழமையில் ஒரு பின்னேரம், தான் கூலிக்குப் போகும் தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டில் மறுநாள் வேலை பற்றிக் கேட்க அப்பா புறப்பட்டார். நானும் என் சைக்கிளில் கூடப் போனேன். படலைக்கு நல்ல தூரம் முன்பே அப்பா இறங்கி உருட்டத் தொடங்கினார். ஏதோ தோன்றிக் குனிந்து பார்த்தேன். என் சைக்கிளும் உருண்டுகொண்டிருந்தது. எப்போது இறங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வரும்போது கேட்டேன். "ஏன் அப்பா அவ்வளவு தூரத்திலை இறங்கிறியள்?"

"இறங்கித்தானே போறது."

சைக்கிளை உருட்டிக்கொண்டே அந்த ஒடுங்கிய ஒழுங்கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "உன்ரை அப்பப்பா இந்த ஒழுங்கைக்கை சைக்கிளிலை ஏறினதே இல்லை. இந்த வீட்டுக்காரர் ஏற விடமாட்டினம். நான் படலை கிட்டடி வரைக்கும் ஏறி வாறன்தானே" என்றார். அவர் குரலில் மனக்குறை இல்லை, ஒரு நிறைவுதான் இருந்தது.

சின்ன வயதில் சைக்கிள் பழக்கியபோதே, படலை கண்டால் இறங்க வேண்டும் என்று அப்பா சொல்லித் தந்திருந்தார். நான் அதை மரியாதை என்றே நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான். சாதியின் பேரால் யார் யாரை எங்கெங்கே இறங்கி நடக்க வைத்தார்கள் என்று சோதனைத்தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். அது என் காலைப் பற்றியதும்தான் என்று ஒருபோதும் தோன்றவில்லை.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். குதிரையின் வார்களை இறுக்கிக்கொண்டே, "உந்தக் கதை இவனுக்குத் தெரியாது" என்றார். "நீர் பாரத்தை இடப்பக்கம் சரிச்சால், இறங்கப் போறீர் எண்டு நிண்டிடுவான். கால் வெளியிலை வரப் பார்த்தால் குதிக்காலைக் கீழை அழுத்த வேணும். நாளைக்கும் வரப் பார்க்கும். நாளைக்கும் அழுத்த வேணும்."

அப்படியே அழுத்தினேன். கடைசியில் ஓடிக்காட்டக் குதிரையொன்று எனக்குக் கிடைத்தது.

ஓடிக்காட்டிய நாளன்று சனம் நிறைய வந்திருந்தது. அப்பா காணி வாசலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அக்கா போய், "உள்ளுக்கு வாங்கோவன்" என்றார்.

"இஞ்சை நிண்டாலும் தெரியுது பிள்ளை."

பீப்பாய், பாலம், பிறகு படலை. குதிரை படலைக்குப் பக்கவாட்டாக நின்றது. கால் துடித்தது. குதிக்காலை அழுத்தினேன். திறந்து, அப்பால் போய், குதிரையைப் பின்னுக்கு நகர்த்திச் சாத்தும்போது கை ஒருமுறை நழுவிவிட்டது.

"போச்சு, கையை விட்டிட்டான்" என்று யாரோ சிரித்தார்கள். புள்ளி போனது உண்மைதான். ஆனால் நான் குதிரையின் மேல் இருந்தேன்.

ஓடி முடிந்ததும் கொட்டிலுக்குப் போகாமல் குதிரையைக் காணி வாசலுக்கு விட்டேன். அங்கே இருந்தது உண்மையான படலை. குதிரையில் இருந்தபடியே கொண்டியைத் தூக்கி, அகலத் திறந்து பிடித்தேன்.

"இறங்கடா தம்பி, ஆக்கள் பாக்கினம்" என்றார் அப்பா, மெதுவாக.

"பாக்கட்டும். நீங்கள் வாங்கோ."

அவர் அக்காவைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு என் காலுக்கு அருகாக உள்ளே வந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்கிறாய்? படலையைச் சாத்து" என்றார். "ஆடு பூந்திடும்."