சுவரில் ஒட்டிய தோல்வி

என் அக்காவின் தோல்வி ஒன்று இரண்டு வருஷமாகச் சுவரில் ஒட்டியிருந்தது. உங்களுடையதை யாராவது அப்படி ஒட்டியிருந்தால்தான் அந்த எரிச்சல் புரியும்.

அக்கா ஒரு துணிக்கடை மாடியில் ஆல்டரேஷன் தையல்காரி. பேண்ட் காலைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. ஒரு நாளைக்கு முப்பது பேண்ட்டாவது கைமாறும். முப்பது வயதுக்கு மேல்தான் செஸ் கற்றுக்கொண்டாள், அதுவும் சாப்பாட்டு இடைவேளையில் பேப்பரில் வரும் புதிரைப் பார்த்துப் பார்த்தே. பிறகு நூலகத்தின் பின்னறையில் ஞாயிறுதோறும் கூடும் கிளப்பில் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு 'ஊசி' என்று பெயர் வைத்தார்கள். கூர்மையைப் பார்த்து வைத்தார்கள் என்று நினைக்காதீர்கள், தொழிலைப் பார்த்து வைத்தது.

கிளப் செயலாளர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். அணியில் முதல் பலகை, அதாவது எதிரணியின் பலமான ஆளோடு மோதும் இடம், அவருக்கு. அக்காவை அவர் ஜெயித்த ஓர் ஆட்டத்தை முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, சிவப்பு மையில் குறிப்புப் போட்டு, 'மாதிரி ஆட்டம்' என்று சுவரில் ஒட்டிவிட்டார். புதிதாக யார் வந்தாலும் அதைத்தான் முதலில் ஆடிப் பார்க்க வேண்டும். பதினாலாவது நகர்த்தலுக்குப் பக்கத்தில் சிவப்பில் இப்படி இருக்கும்: 'குதிரை பின்வாங்கியே ஆக வேண்டும். வெள்ளைக்கு வேறு வழியில்லை.' அதற்குக் கீழே, 'கோட்டை கட்டாததன் பலன்.' அந்த வெள்ளை என் அக்கா.

அப்படியும் இந்த வருஷம் முட்டி மோதி நாலாவது பலகையைப் பிடித்துவிட்டாள். அணியில் மொத்தமே நாலு பேர். ஒரு ஞாயிறு செயலாளர் புதிதாக வந்த ஒருவரிடம் சுவரைக் காட்டி, அவள் காதுபடவே, "நாலாவது பலகைக்கு இந்த அளவு ஆட்டம் போதும்" என்றார். அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது என்னிடம் சொன்னாள், "அவரைச் சவாலுக்குக் கூப்பிடப் போறேன்."

நான் தடுக்கப் பார்த்தேன். கிளப்பில் ஒரு விதி உண்டு, செயலாளரே எழுதியது. மற்ற கிளப்புகளோடு ஆடும் லீக் தொடங்குவதற்கு முன் யாரும் யாரையும் சவாலுக்கு அழைக்கலாம். அழைப்பவருக்கு வெள்ளைக் காய். ஜெயித்தால் தோற்றவரின் பலகை அவருக்கு. தோற்றால் அந்த வருஷம் அணியிலேயே இடம் கிடையாது.

"இருக்கறதையும் விட்டுட்டு நிக்கப் போற. மூணாவது ஆளைக் கூப்பிடேன்."

"மூணாவது ஆளா என் ஆட்டத்தை ஒட்டினாரு?"

அன்று முதல் நாலு மாதம் வீட்டில் நான்தான் செயலாளர். காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் கறுப்புக் காய்களுக்குப் பின்னால் என்னை உட்காரவைத்து உயிரை வாங்கினாள். பேண்ட் வெட்டும் தாளில் கட்டம் கட்டமாகப் பதில்களை எழுதி வைத்திருந்தாள். அவர் அடித்தால் ஒன்று, அடிக்காவிட்டால் ஒன்று, குதிரையைத் திருப்பினால் இன்னொன்று. தாள் முப்பதைத் தாண்டியது. ஒரு நாள் நான் காய்களைக் கலைத்துவிட்டேன்.

"இது பழைய ஆட்டம்தானே. அவர் வேற மாதிரி ஆடிட்டா இத்தனை தாளும் குப்பைக்குப் போகுமே?"

"மாத்த மாட்டாரு. மாத்தினா சுவத்துல எழுதினது தப்புன்னு ஆயிடும். நீ காயை அடுக்கு."

அடுக்கினேன். வேறென்ன செய்ய, அக்காவாகப் போய்விட்டாள்.

சவால் நாளன்று கிளப்பில் நிற்க இடமில்லை. அக்கா முதல் நகர்த்தலை வைத்தாள், அவர் பதில் வைத்தார். ஐந்தாவதில் ஒருவர் சுவரைப் பார்த்தார். எட்டாவதில் எல்லாரும் பார்த்தார்கள். சுவரில் இருந்த அதே ஆட்டம், காய் மாறாமல் நடந்துகொண்டிருந்தது. பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். செயலாளருக்குக் குஷி தாங்கவில்லை. யோசிக்காமலே காயை நகர்த்திவிட்டு எழுந்துபோய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, ஒருதரம் பட்டது போதலையா?"

"ஆடுங்க சார்."

பதிமூன்றாவதில் அவருடைய சிப்பாய் முன்னேறி, அவர் ராஜாவுக்கு அருகில் நின்ற அக்காவின் குதிரையை மிரட்டியது. இந்த இடத்தில்தான் குதிரை பின்வாங்கியே ஆக வேண்டும். அக்கா குதிரையைத் தொடவேயில்லை. ஓரத்துச் சிப்பாயை எடுத்து இரண்டு கட்டம் முன்னால் வைத்தாள்.

செயலாளர் அதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். குதிரை சும்மா கிடைக்கிறது. அடிக்காமல் விட்டால் அந்தச் சிவப்பு மைக்கு என்ன மரியாதை? அடித்தார். அடித்த சிப்பாயை அக்காவின் ஓரச் சிப்பாய் அடித்தது. அவ்வளவுதான், பலகையின் ஓரக் கோடு முழுக்கத் திறந்துகொண்டது. அதன் இந்த முனையில், கோட்டை கட்டாததால் மூலையிலேயே நின்ற அக்காவின் யானை, அந்த முனையில் அவருடைய ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டம். மிரட்டப்பட்ட தன் குதிரையை அவர் வேகமாக நகர்த்தி நடுவில் இருந்த ஒரு சிப்பாயைத் தின்றார். அக்கா தன் சிப்பாயை இன்னொரு கட்டம் ஏற்றி அவர் ராஜாவின் வாசலுக்கே கொண்டுபோனாள். அதை அடிக்க அவர் சிப்பாயால் முடியாது. அது நகர்ந்தால் தூரத்தில் நிற்கும் அக்காவின் மந்திரி மூலைவாட்டில் ராஜாவைப் பிடிக்கும்.

அப்புறம்தான் அவர் யோசிக்க ஆரம்பித்தார். நாற்பது நிமிஷம். தேநீர் ஆறிப்போய் ஆடை படிந்தது. அக்கா நகத்தில் ஒட்டியிருந்த தையல் சாக்பீஸ் தூளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் என்ன ஆடினாலும் அதற்குத் தாளில் பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முதல்முறையாக எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் மந்திரியின் வழியை மறித்து ஒரு சிப்பாயை வைத்தார்.

அக்கா யானையை எடுத்து அந்த முனை வரை கொண்டுபோய், ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே வைத்தாள். "செக்." ராஜா அதை அடிக்கத்தான் வேண்டும். அடித்தால் அக்காவின் ராணி வரும், ராஜா திரும்பிப் போகும், ராணி இன்னொரு அடி வைக்கும், தப்ப இடமில்லை. அவருக்கும் அது தெரிந்துவிட்டது. தோல்வியை ஒப்புக்கொண்டு கடிகாரத்தை நிறுத்தினார்.

யாரும் கைதட்டவில்லை. செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "வீட்டுலயே எல்லாம் பண்ணி எடுத்துட்டு வந்திருக்க. இங்க உக்காந்து நீ என்ன யோசிச்ச?"

"நாலு மாசம் யோசிச்சேன் சார். நீங்க யோசிச்சது நாப்பது நிமிஷம்."

"சரி, நல்லாத்தான் ஆடின. ஆனா லீக்ல முதல் பலகைக்கு வர்றவங்க பெரிய ஆளுங்க. ஒரே நாள்ல உன்னை நாறடிச்சுடுவாங்க. இந்த வருஷம் நீ ரெண்டாவதுல உக்காரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அணிப் பட்டியலும் பேனாவும் மேசைமேல் இருந்தன. அக்கா இரண்டையும் அவர் பக்கம் தள்ளினாள். "விதி நீங்க எழுதினது. முதல் பலகைன்னு எழுதுங்க. எழுதற வரைக்கும் இங்கயே நிக்கிறேன்."

சொன்னபடி நின்றாள். காலை முதல் மாலை வரை தையல் இயந்திரத்தை மிதிக்கிற கால், அதற்கு நிற்கத் தெரியாதா? அவர் எழுதினார்.

லீக்கின் முதல் ஞாயிறு முதல் பலகையில் உட்கார்ந்து தோற்றாள். செமத்தியான தோல்வி, இருபத்தொரு நகர்த்தலில் முடிந்தது. செயலாளர் என் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார். நான் அவரை முறைத்தேன். அக்கா ஆட்டத்தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் வந்து முதல் பலகை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.