அணிந்துரை எழுதியவர் புத்தகம் வாசித்தாரா?

போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் வைத்து என் மானம் கப்பலேறியது. ஏற்றி அனுப்பியவளுக்கு வயது ஒன்பது. பெயர் அக்சயா. இரட்டைப் பின்னல், கையில் பாதி கடித்த ரோல்ஸ்.

விஷயம் இதுதான். அங்கே ஒரு சின்ன நூலகம். பிள்ளைகளின் வாசிப்பு வட்டத்துக்குக் கவிதைப் புத்தகம் வாங்கப்போகிறார்கள். வந்து குவிந்தவை இருபத்திரண்டு. அதில் ஐந்தை நான் தெரிவு செய்து கொடுக்க வேண்டும். நூலகர் ரிஸ்னா கேட்டதும் தலையாட்டிவிட்டேன். வாராவாரம் பத்தி எழுதுகிறவளுக்குக் கவிதை தெரியாமலா போகும்?

இருபத்திரண்டில் ஒன்று தவராசா சேருடையது. ஓய்வுபெற்ற அதிபர், பாமன்கடையில் இருக்கிறார். எப்போது கண்டாலும், "உங்கட பத்தியை வெட்டி வைக்கிறனான் தங்கச்சி" என்பார். எனக்கு அது போதும்... உருகிவிடுவேன். அவர் புத்தகத்துக்கு அணிந்துரை எழுதியதும் நான்தான்.

அணிந்துரை எழுதியவளே நடுவராகவும் இருக்கலாமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இந்த ஊரில் யாருக்குமே அணிந்துரை எழுதாத ஓர் ஆளை எங்கே போய்ப் பிடிப்பது, சொல்லுங்கள்?

மனிதர் தவித்துப்போய் இருந்தார். அவருடைய முதல் புத்தகம் அது. ஒரே வாரத்தில் மூன்று தரம் போன்.

"தங்கச்சி, நான் ஒண்டும் கேக்கேல்ல. நீங்கள் நேர்மையாச் செய்யுங்கோ. ஆனா எங்கட புத்தகத்தை மறந்துபோடாதேங்கோ."

"கட்டாயம் சேர்" என்றேன். இந்த வாய் இருக்கிறதே!

சனிக்கிழமை ஒரு புள்ளித் தாளோடு போனேன். சொல்வளம், சந்தம், நற்கருத்து, அட்டை — ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, வீட்டிலேயே புள்ளியும் போட்டு முடித்தது. ரிஸ்னா அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனத்துக்கு மிஸ் இதெல்லாம்? இப்ப டியூஷன் விட்டு புள்ளைகள் வருவாங்க. புத்தகத்தைப் பாயில பரப்பிட்டு நாம வாயை மூடிக்கிட்டு இருப்போம்."

பரப்பினோம். வந்தன வானரங்கள்.

தங்க எழுத்து அட்டையை ஒருத்தன் விசிறியாக்கினான். நற்கருத்துக்கு நான் முழுப் புள்ளி போட்டிருந்த புத்தகம் குப்புறக் கிடந்தது. காகங்கள் பஸ்ஸில் போவதாக ஒரு மெல்லிய புத்தகம்... நான் அதற்கு வெறும் நான்கு புள்ளி போட்டிருந்தேன். அதற்காக மூன்று பேர் இழுபறிப்பட்டார்கள்.

அக்சயா கையில் தவராசா சேரின் புத்தகம்.

நம்முடைய சிறுவர் கவிதைப் புத்தகங்கள்தான் உங்களுக்குத் தெரியுமே. ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை... முதல் கவிதைக்கு வந்து சேர்வதற்குள் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும். அவள் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எதையோ வாசித்துத் தனியே சிரித்தாள். பிறகு முன்பக்கங்களுக்குத் திரும்பி வந்தாள். நேரே என் பக்கத்துக்கு. எழுந்து நின்று, காலைக் கூட்டத்தில் அதிபர் பேசுகிற குரலில் தொடங்கினாள்.

"இத்தேன்சுவைப் பாக்கள் ஒவ்வொன்றும் சிறார் நெஞ்சில் நல்லொழுக்க விதையை ஊன்றும்!"

பாய் முழுக்கச் சிரிப்பு.

"அன்ரி," என்று என் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கத்தில் என் படமும் இருந்தது. இருபது வருடத்துக்கு முந்திய படம், அதனால் தப்பினேன். "இதை எழுதின ஆள் புத்தகத்தை வாசிச்சவவோ?"

"ஏனம்மா?"

"உள்ளுக்க ஒரு பொய்ப்பல்லுப் பாட்டு இருக்கு. அதில ஒழுக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை."

ரிஸ்னா அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

வாசித்தேனா? இல்லை. சொல்லிவிடுகிறேன். சேர் எழுதியதையெல்லாம் முழுதாகத்தான் அனுப்பினார். நான் பொருளடக்கத்தை மட்டும் பார்த்தேன். 'காலையில் எழு', 'பெரியோரை வணங்கு', 'பொய் சொல்லாதே'... ஒரு மணித்தியாலத்தில் அணிந்துரை தயார். 'பொய் சொல்லாதே'யைப் பார்த்துவிட்டே பொய் எழுதியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்பாவைப் பெற்ற அப்பப்பாவின் பல்லுப் பாட்டை அக்சயா உரக்க வாசித்தாள்.

கிளாசுக் குள்ளே அப்பப்பா பல்லு
கொர்ரு கொர்ரு அப்பப்பா
பல்லு மட்டும் முழிச்சிருந்து
பார்த்துப் பார்த்துச் சிரிக்குது!

அவ்வளவுதான். புத்தகம் கைமாறிக் கைமாறி அதே பக்கம் ஐந்து தரம் வாசிக்கப்பட்டது. ஒருத்தி கிளாசுக்குள் இருக்கும் பல்லாகவே நடித்தாள். மற்றப் பக்கங்களைப் புரட்டிய அக்சயா, "இதெல்லாம் சேர்மார் ஏசுற மாதிரி இருக்கு" என்று புத்தகத்தைப் பாயில் போட்டுவிட்டாள்.

"அன்ரி, பல்லுப் பாட்டை மட்டும் படம் எடுத்து அம்மாட போனுக்கு அனுப்புவீங்களோ?"

பிள்ளைகள் விடாமல் பிடித்துக்கொண்ட ஐந்தையே ரிஸ்னாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, வெள்ளவத்தை வரும்வரை பஸ்ஸில் சேரின் புத்தகத்தை வாசித்தேன். முதல் தடவையாக! நாற்பது பாட்டு. முப்பத்தொன்பதைப் பற்றியும் பிள்ளை சொன்னது சரி. பக்கத்து ஜன்னல் கடகடவென்று ஆடியது. புள்ளித் தாளை மடித்து அந்த ஜன்னல் இடுக்கில் செருகினேன். நல்ல உபயோகம்.

வீட்டுக்கு வந்ததும் சேருக்குப் போன் எடுத்தேன்.

"சேர், உங்கட புத்தகத்தை நான் தெரிவு செய்யேல்ல."

அவர் வாய் திறப்பதற்குள் மிச்சத்தையும் சொன்னேன்.

"அதை வாசிக்காமத்தான் அணிந்துரையும் எழுதினனான். இண்டைக்குத்தான் வாசிச்சனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இனிமேல் என் பத்தியை யாரும் வெட்டி வைக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆனா சேர், பொய்ப்பல்லுப் பாட்டை மட்டும் பிள்ளையள் அஞ்சு தரம் வாசிச்சவை."

"எது... பல்லுப் பாட்டோ?" குரலே மாறிவிட்டது. "ஐயோ, அது சும்மா விளையாட்டா, பம்பலுக்கு எழுதினது. நீங்கள் அணிந்துரையில நல்லொழுக்கம் எண்டு எழுதினதைப் பாத்திட்டு, அதை எடுக்கச் சொன்னனான். அச்சகத்தில மறந்துபோட்டாங்கள்."

எனக்குச் சுருக்கென்றது. வாசிக்காமல் எழுதிய ஒரே ஒரு வரி, அந்தப் புத்தகத்தில் இருந்த ஒரே ஒரு கவிதையையும் தின்றிருக்கும். அச்சகத்துக்காரரின் மறதி நூறாண்டு வாழ்க!

"பிள்ளையள் சிரிச்சவையோ தங்கச்சி?"

"உருண்டு பிரண்டு சிரிச்சவை சேர்."

"அப்பிடியான பாட்டு இன்னும் கனக்கக் கிடக்கு. ஆருக்கும் காட்டாமக் கொப்பியில வச்சிருக்கிறன். அதுகளைப் புத்தகமாப் போடலாம்போல கிடக்கு. ஆனா ஒண்டு..."

"சொல்லுங்கோ சேர்."

"அணிந்துரை வேண்டாம்."