மேல்மாடி மேல் ஒரு கண்

ஆபீஸில் அவளுக்கு 'மோப்பம்' என்று பட்டப்பெயர். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. வைத்தது யார் என்பதில்தான் இன்னும் இரண்டு பேர் மேல் சந்தேகம். கணவன் "இன்னிக்கு அழகா இருக்கே" என்று சொன்னால்கூட, "என்ன வேணும் உங்களுக்கு?" என்பாள்.

இணையப் போக்குவரத்தை வழிநடத்துவது அவள் வேலை. தலைநகரத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே இரண்டு கண்ணாடியிழைத் தடங்கள். ஒன்றில் நெரிசல் கூடினால் மற்றதற்குத் திருப்பிவிடுவாள். இழைக்குள் ஓடும் ஒளியைக் கவனிப்பவர்கள் மேல்மாடியில். அவர்கள் திரையில் என்ன இருக்கிறதென்று கீழே தெரியாது. கீழே நடப்பது மேலே தெரியாது. ஒரே வீட்டில் ஓரகத்திகள் தனி அடுப்பு வைத்த கதைதான்.

சில நாட்களாக மதியமானால் முதல் தடம் மந்தமானது. அறுந்துபோகவில்லை, நெரிசலும் இல்லை, போய்ச் சேரத்தான் தாமதம். சுமையை இரண்டாம் தடத்துக்கு மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் மந்தம். சாயங்காலம் இரண்டும் தானாகவே சரியாகிவிடும். இழைக்குள் ஒளியின் வேகம் மாறாதே! தாமதம் கூடினால் தூரம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். யாரோ ஒளியை ஊர் சுற்ற அனுப்புகிறார்கள்.

யாரோ என்ன, மேல்மாடிப் பொறியாளர்தான். லிஃப்ட்டில் அவளைக் கண்டால் போனுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனாலும் அவர் மட்டும் நாற்காலியை விட்டு அசைவதில்லை. போதாக்குறைக்குப் புதுக் கார் வேறு.

"நேர்வழிய யாருக்கோ ரகசியமா வாடகைக்கு விடுறாருங்க அந்த ஆளு," என்றாள் கணவனிடம்.

"கார் வாங்கினவனெல்லாம் திருடனா? பக்கத்து வீட்டுலகூடத்தான் வாங்கியிருக்காங்க."

"அவங்க மேலயும் எனக்கு ஒரு இது இருக்கு."

மறுநாள் மதியம் பூனை போல மாடியேறினாள். பொறியாளர் தனியாக உட்கார்ந்து தடத்தை மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், என் டிராஃபிக்கை எதுக்குச் சுத்து வழியில அனுப்புறீங்க?"

திடுக்கிட்டவர் சட்டென்று சூடானார். "நான் ஒரு தடத்தைச் சுத்து வழிக்கு ஒதுக்கினா, உடனே மொத்தத்தையும் இன்னொண்ணுல கொட்டுறீங்க. கீழ யாரோ எனக்குக் குழி பறிக்கிறாங்கன்னு நெனச்சேன். எனக்கு உங்க மேலதாங்க சந்தேகம்!"

இத்தனை வருஷத்தில் தன்னை ஒருவர் சந்தேகித்து அவள் கண்டதில்லை.

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஆற்றுப் பாலத்தை அகலப்படுத்துகிறார்கள். வண்டிகள் குறையும் மதியத்தில்தான் தூண் இறக்கும் வேலை. அப்போது பாலத்தை ஒட்டி இழை போகும் குழாய் அதிர்ந்து, உள்ளே ஒளி தடுமாறுகிறது. பிய்ந்துவிடுமோ என்று பயந்து அவர் மாற்றிவிடுகிறார்.

"உங்க மேனேஜர்கிட்ட சொன்னேன். அது மேல்மாடி தலைவலின்னுட்டார்."

"சரி, ரெண்டாவது தடத்தை ஏன் தொடுறீங்க?"

"அதுவும் அதே குழாய்லதானே போகுது?"

அப்படியானால் குழாய் பிய்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அவள் வரைபடத்தில் அவை விலகிப்போகும் இரண்டு கோடுகள்.

அன்று இருவருக்கும் சாப்பாடு மறந்துபோனது. ஒரு தடத்தை அவர் நிரந்தரமாகச் சுற்றுவழிக்கு மாற்றினார். அவசரமில்லாத நகல் கோப்புகளை அவள் அதில் ஏற்றினாள். தொலைபேசிப் பேச்சையும் ஆஸ்பத்திரி இணைப்புகளையும் நேர்வழியில் விட்டு, பாலத்துக் குழாய் போனால் அவை வந்து சேரச் சுற்றுவழியில் இடமும் வைத்தாள்.

அடுத்த மாதம் குழாய் போயே போனது. நகல் கோப்புகள் காத்துக்கிடந்தன. ஒரு அழைப்பும் அறுபடவில்லை. "ஒண்ணும் ஆகலையே, எதுக்கு இவ்வளவு கூத்து?" என்றார் மேனேஜர்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "சார், அந்தச் சுத்து வழி நிஜமாவே வேற வழியாத்தான் போகுதா?"

"மேப்ல அப்படித்தான் இருக்கு."

"என் மேப்லயும்தான் ரெண்டு கோடு இருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்பிப் போனார்கள். சாலையோரத்து இரும்பு மூடியை அவர் கம்பியால் நெம்பித் தூக்கினார். அவள் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். குழாய் பாலத்துக்கு முதுகு காட்டி, மேட்டுப் பக்கம் திரும்பிப் போனது.

"போதுமா? நம்பிக்கை வந்துச்சா?" என்றார்.

"இங்க சரிதான்," என்று எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

மூடியை மூடியவர், மேட்டுப் பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த மூடியையும் ஒரு தடவை திறந்து பாத்துடலாமா?" என்றார்.